அடுக்குச் செம்பருத்தி

சம்பூர்ணம் வேலை பார்த்த அலுவலகம் ஒரு செம்பருத்தி மொட்டுக்குள் இருந்தது. பேருந்து வசதி கிடையாது. ஆனாலும் நிரந்தர வேலை என்பதால் யாரும் குறை சொல்லவில்லை.

அவள் இரண்டாம் பிரிவு. அந்த இருக்கை அம்மாவிடமிருந்து வாரிசு வேலையாக வந்தது. அம்மாவின் கையெழுத்தும் கூடவே வந்தது. அதில் ஒரு சுழி மாறினாலும் கோப்பு திரும்பி வந்துவிடும்.

வேலை கடினமானதல்ல. பகலின் நீளம் சரியாகிவிட்டது, பூக்கலாம் என்று இலையிலிருந்து தபால் வரும். முதல் பிரிவு ரத்தினசபாபதி தனியாகக் கையெழுத்துப் போட்டால் வெளிப்பக்கத்துப் பச்சை இதழ். அவரும் சம்பூர்ணமும் போட்டால் சிவப்பு இதழ். சம்பூர்ணமும் மூன்றாம் பிரிவு தனுஷ்கோடியும் போட்டால் மகரந்தம். தனுஷ்கோடி தனியாகப் போட்டால் சூலகம், அதற்குள் விதை. தனுஷ்கோடி வந்து உட்கார்ந்ததும் ரத்தினசபாபதி பேனாவை மூடிவிட வேண்டும். வேலையை நிறுத்த அந்த அலுவலகத்தில் வேறு வழி இல்லை.

சம்பூர்ணத்தின் மகள் தமிழரசிக்கு இனி விதைக்குள்தான் வேலை கிடைக்க வேண்டும். வாரிசு நியமனம் விதை வழியாக மட்டுமே. விதை பிடிக்காவிட்டால் சாயங்காலம் பூ உதிரும், அதோடு இருக்கையும் போகும். சம்பூர்ணம் தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. இது ஒன்றைத்தான் கேட்டாள்.

ஐந்து சிவப்பு இதழ்கள் முடிந்தன. தனுஷ்கோடி வரவில்லை.

அவள் கண்காணிப்பாளர் பெஞ்சமினைப் பார்க்கப் போனாள். காலையில், செடியை நீளவைக்கிற ஜிப்ரலின் மேஸ்திரி வந்து போயிருந்தார். அவர் வந்து போனால் தாழ்வாரம் நீளும். அது அவர் வேலை, கோபப்பட்டு என்ன செய்ய? பெஞ்சமினின் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு இரண்டு நரைமுடி கூடியிருந்தது.

“சார், தனுஷ்கோடி சார் இன்னும் வரலை.”

“வந்துட்டாரேம்மா. நாற்காலில துண்டு கெடக்குல்ல?”

“துண்டுதான் சார் கெடக்கு. ஆளக் காணோம்.”

“துண்டு கெடந்தா டீ குடிக்கப் போயிருக்காருன்னு அர்த்தம்.”

“நாலு நாளாவா சார்?”

“டீக்கு இவ்வளவு நேரம்னு விதியில இல்ல.”

“வேற ஆளப் போடுங்க சார்.”

“காலியிடம்னாத்தான் போட முடியும். துண்டு கெடக்குற எடம் காலியிடம் இல்ல.”

“அப்ப துண்ட எடுத்துருங்க.”

“அந்த நாற்காலில எதையும் எடுக்குற அதிகாரம் மூணாம் பிரிவுக்குத்தாம்மா.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் இல்லை, துண்டுதான் இருந்தது. சம்பூர்ணம் நடந்து திரும்பினாள்.

ரத்தினசபாபதி கோப்பைத் தயாராக வைத்திருந்தார். மகரந்தம் வரவேண்டிய இடத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சிவப்பு இதழ் வந்தது. மறுபடி போட்டார்கள். மறுபடி இதழ்.

“எனக்கும் கை வலிக்குதும்மா,” என்றார் அவர். “நானா நிப்பாட்ட முடியாதே.” கெட்ட மனிதர் இல்லை.

நாற்பதாவது இதழில் வெளியே யாரோ, “எத்தனை அடுக்கு பாரேன், என்னா அழகு,” என்றார்கள். அலுவலகத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. பெஞ்சமின் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். சம்பூர்ணத்துக்கு அழுகை வரவில்லை, அலுப்புதான் வந்தது. எலும்பு வரைக்கும் அலுப்பு.

அவள் எழுந்து போய் மூன்றாம் பிரிவு நாற்காலியில் துண்டின் மேலேயே உட்கார்ந்தாள். ‘சூலகம்’ என்று எழுதப் பேனாவை வைத்தாள். அம்மாவின் கையெழுத்தில் ‘இதழ்’ என்று விழுந்தது. மூன்று முறை எழுதிப் பார்த்தாள். அந்தக் கைக்கு வேறு தெரியாது.

அப்போது சூலகம் இருக்கவேண்டிய நடு அறையில் விளக்கு எரிந்தது. விதைதான் என்று அவள் ஓடினாள். கதவைத் தள்ளினாள்.

உள்ளே புதிதாக வெள்ளையடித்த அலுவலகம் ஒன்று இருந்தது. முதல் மேசையில் இன்னொரு ரத்தினசபாபதி, தலை நரைக்காமல், பச்சை இதழ்களை முடித்துவிட்டுச் சிவப்பு இதழ்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது மேசையில் தமிழரசி இருந்தாள். புதுச் சேலை. நெற்றியில் கோயில் விபூதி.

“அம்மா, ஆர்டர் வந்துருச்சும்மா. வெதையெல்லாம் வேணாமாம். நேரடி நியமனம்.”

“எத்தன இதழ் போட்ட?”

“ஏழு. அஞ்சோட நிப்பாட்டச் சொல்லுவாங்கன்னீங்க. யாரும் வரலை.”

சம்பூர்ணம் அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூன்றாவது மேசை போடவே இல்லை. அதற்கு அப்பால் இன்னொரு கதவு இருந்தது. அதன் அடியிலும் வெளிச்சம் தெரிந்தது.

“சந்தோஷம்தானேம்மா?” என்றாள் மகள்.

“சந்தோஷந்தாண்டி,” என்றாள் சம்பூர்ணம். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “நீ கொஞ்சம் கையை ஆத்திக்க. எட்டாவத நான் போடுறேன்.”