பதினெட்டும் இரண்டும்

பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கு வெங்கடேசன் கம்பெனி யூனிஃபார்மிலேயே வந்திருந்தார். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் லைன் லீடர் அவர். மகள் கவிப்பிரியா எட்டாம் வகுப்பு. அவளுடைய கணக்குத் தாளில் 12 ÷ 2(1 + 2) என்ற கேள்விக்கு எழுதிய பதினெட்டைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். போனில் போட்டால் அதே பதினெட்டுதான் வந்தது.

“இன்னா டீச்சர் இது? பன்னண்ட ரெண்டால வகுத்தா ஆறு. பிராக்கெட்ல மூணு. பெருக்குனா பதினெட்டு. எதுக்கு தப்பு போட்டீங்க?”

முத்துச்செல்வி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். வடக்குப்பட்டில் வாடகை அறையில் தங்கி இங்கே கணக்கு எடுக்கிறாள்.

“ரெண்டும் பிராக்கெட்டும் ஒட்டி நிக்கி, சார். முதல்ல அதப் பெருக்கணும். ஆறு வரும். பன்னெண்ட அதால வகுத்தா ரெண்டு. எங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தந்தாவ.”

“தந்தாவளா?” என்று அவள் மாதிரியே இழுத்தார் வெங்கடேசன். பின்னால் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குத் தெம்பு கொடுத்தது. “எங்கிருந்தோ பஸ் ஏறி வந்துட்றீங்க. எங்க புள்ளைங்களுக்கு தப்புத்தப்பா சொல்லிக்குடுத்துகினு.”

கவிப்பிரியா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “வாப்பா, போலாம்.”

முத்துச்செல்வி பையிலிருந்து தன் கால்குலேட்டரை எடுத்து, கேள்வியில் இருந்தபடியே தட்டி, அவருடைய போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதில் இரண்டு என்று வந்தது. போனில் பதினெட்டு அப்படியே இருந்தது. இரண்டையும் அவளே மாறி மாறிப் பார்த்தாள்.

“ரெண்டு விதமாவும் போடுதாங்க போல. கேள்விய நான் தெளிவா எழுதல, சார். இன்னொரு பிராக்கெட் போட்டிருக்கணும். ரெண்டு விடைக்கும் மார்க் குடுத்துடுதேன்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. வெங்கடேசனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வீடு போகும்வரை பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த கவிப்பிரியா அவர் தோளைப் பிடிக்கவில்லை, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தினார். முத்துச்செல்வி வந்ததும், “நான் அன்னிக்கு பேசுனது தப்பு, டீச்சர். மன்னிச்சிடுங்க,” என்றார்.

“பரவால்ல, சார்.” இரண்டடி போனவள் நின்றாள். “இப்ப நான் வாயத் திறந்தாலே பிள்ளைங்க இழுத்துச் சொல்லிச் சிரிக்காங்க. அதத்தான் என்ன செய்யன்னு தெரியல.”

அவள் உள்ளே போன பிறகுதான் அவர் வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். பாதிப் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். காதில் வாங்கியவர்களும் தலையாட்டிவிட்டு மார்க் தாளைப் புரட்டினார்கள். முத்துச்செல்வி கைகூப்பினாள். அன்று அவள் பேசியதெல்லாம் பாடப்புத்தகத் தமிழ். ஒரு சொல்லில்கூட அவள் ஊர் இல்லை. வெங்கடேசன் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.