யானையின் முதுகுப்புறம்

அம்புக்குறி பட்டனை ஒரு தடவை தட்டினால் கல்யானை பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும். நின்றதா? அட, அது பாட்டுக்கு முழுசாகத் திரும்பி, வாலையும் அதன் சுற்றுப்புறத்தையும் காட்டிக்கொண்டு நின்றது. ஒரு தட்டுக்கு ரெண்டு திருப்பம்.

மாமல்லபுரத்தில் சிற்ப ஷோரூம் வைத்திருக்கும் சம்பத்துக்காகப் படூர் கம்பெனி ஒன்று செய்த புரோகிராம் அது. சிலையைத் திரையில் திருப்பித் திருப்பிக் காட்டும். டெமோ நல்லபடியாக முடிந்தால், கம்பெனியில் புதுசாகச் சேர்ந்த ஷாரோன் வேலையில் நிரந்தரம். சொதப்பினால் சொந்த ஊரான அச்சரப்பாக்கத்துக்கு டிக்கெட். இதை முடிவு செய்யும் மகான், டீம் லீடு தமிழ்வாணன்.

மகான் கீபோர்டைக் கவிழ்த்து நாலு தட்டுத் தட்டினார். "உப்புக்காத்து. கடலோரம் இல்ல? பட்டன் எல்லாம் ஒட்டிக்குது" என்று தீர்ப்பு சொன்னார். புதுசு வந்தது. யானை மறுபடியும் வாலைக் காட்டியது. இன்னொரு புதுசு வந்தது. பெட்டிக்குள்ளேயே உப்புக்காத்து புகுந்துவிட்டது போலிருக்கிறது!

ஷாரோன் பட்டனை அமுக்கி, விரலை எடுக்காமல் வைத்துப் பார்த்தாள். யானை ஒரே தடவை திரும்பியது. விரலை எடுத்தாள், இன்னொரு தடவை திரும்பியது. அமுக்குவதையும் கணக்கில் எடுக்கிறது, விடுவதையும் எடுக்கிறது. புரோகிராமின் கோடைத் திறந்தாள். ரெண்டுக்கும் தனித்தனியாக ஒரு வரி. எழுதிய புண்ணியவான் தமிழ்வாணனேதான்.

"சார், இந்த ஒரு வரியைத் தூக்கினா போதும்."

"அது என் பழைய கோடு. அதுல யாரும் கை வெக்கக் கூடாது. தொண்ணூறு டிகிரிய நாப்பத்தஞ்சு ஆக்கு. ரெண்டு நாப்பத்தஞ்சு தொண்ணூறு. மேட்டர் ஓவர்."

அந்த ஆபீசில் லீடு எழுதிய வரி வேதம். ஷாரோன் பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினாள்.

டெமோ அன்று ஷோரூமில் தமிழ்வாணன் டக்கென்று தட்டினார். யானை சமர்த்தாகப் பக்கவாட்டில் நின்றது. "பெரிய பிரச்சினை சார். நானே உக்காந்து புடிச்சேன்" என்று சம்பத்திடம் சொன்னார்.

"இந்தப் பொண்ணு?"

"இப்பதான் கத்துக்கினு கீது."

ஷாரோன் மனசுக்குள் திட்டினாள். அடப்பாவி மனுஷா!

சம்பத் தானே உட்கார்ந்தார். பட்டனை அமுக்கியவர், விரலை அப்படியே வைத்துக்கொண்டு, காப்பி சொல்லிவிட்டுத் திரும்பினார். யானை பாதி திரும்பி, கோணலாக நின்றது.

"இன்னாபா, யானைக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சா?"

"உப்புக்காத்து சார்."

"ஏசி ரூம்ல இன்னாபா உப்புக்காத்து? புதுக் கீபோர்டு பெட்டிய இப்பதானே என் கண்ணு எதிர்ல பிரிச்சே."

"விரல எடுங்க சார்" என்றாள் ஷாரோன். எடுத்தார். யானை மிச்சப் பாதியைத் திரும்பி முடித்தது. காரணத்தை அவள் விளக்கினாள்.

"ஏம்மா, ஒன்னால சரிபண்ண முடியுமா?"

"முடியும் சார்." லீடு பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். "உங்க கோடுல கை வெக்கலாமா சார்?"

காப்பி கொண்டுவந்தவர் உள்பட எல்லாரும் தமிழ்வாணனைப் பார்த்தார்கள். தலை லேசாக ஆடியது. அவள் வேத வரியை அழித்து, நாற்பத்தைந்தைத் தொண்ணூறாக்கினாள். சம்பத் டக்கென்று தட்டினார், அமுக்கிப் பிடித்தும் பார்த்தார். யானை ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக ஒரே ஒரு திருப்பம் திரும்பியது.

"இனிமே எதுனா பேஜாருன்னா இந்தப் பொண்ணத்தான் கூப்பிடுவேன்" என்றார் சம்பத். "இது உங்க கம்பெனில இருக்கும் இல்ல?"

தமிழ்வாணன் முந்திக்கொண்டார். "இருக்கும் சார். இருக்கும்."

ஒரு கேள்விக்கு ரெண்டு தடவை பதில் வந்தது. இந்தத் தடவை ஷாரோன் அதைச் சரிபண்ணப் போகவில்லை.