பாதியில் நின்ற நிரூபணம்

சிறப்புச் சொற்பொழிவுக்கு வந்த பேராசிரியர், எந்த வேலையைச் சொன்னாலும் அது முடியுமா முடியாதா என்று பிசகாமல் சொல்லும் ஓர் இயந்திரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம் என்றார். உடனே அது மேசைமேல் இருந்தது. ரொட்டிப் பெட்டி அளவு, சாம்பல் நிறம், காகிதம் நுழைக்க ஒரு வாய், முடியும் என்றால் எரியப் பச்சையில் ஒரு விளக்கு, முடியாது என்றால் எரியச் சிவப்பில் ஒரு விளக்கு. கணினிக் கோட்பாட்டுத் துறையில் இதெல்லாம் புதிதில்லை. அங்கே பேச வருகிறவர்கள் ஒரு பொருள் இருக்கவே முடியாது என்று காட்ட வேண்டுமானால், முதலில் அது இருப்பதாக வைத்துக்கொண்டு, பிறகு அதையே சிக்கலில் மாட்டி, முரண்பாட்டைக் காட்டி, இல்லாமல் ஆக்கிவிட்டுத்தான் தேநீர் குடிக்கப் போவார்கள். வந்தது ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். அன்று துறைத்தலைவரின் வரவேற்புரையே முப்பத்தைந்து நிமிடத்தைத் தின்றுவிட்டது. விருந்தாளி வியர்க்க வியர்க்க நான்கு பலகை எழுதினார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், “மீதி உங்களுக்கே விளங்கும்” என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினார். முனைவர் பட்ட மாணவர்கள் ஒன்பது பேரும் தலையை ஆட்டினார்கள். விளங்கவில்லை என்று வாய்விட்டுச் சொன்னவர் அந்தத் துறையில் இதுவரை ஒருவரும் கிடையாது. ஆகவே முரண்பாடு வரவில்லை, இயந்திரமும் போகவில்லை.

முதல் வாரமே அது வேலையைக் காட்டியது. ஐந்து மாதமாக லிஃப்டைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் ஒரு சீட்டை எழுதி நுழைத்தார், சிவப்பு எரிந்தது, திருகாணிகளை வாளியில் அள்ளிப்போட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமைக் கூட்டம் முடியுமா என்று யாரோ கேட்டார்கள், சிவப்பு. எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். துறைத்தலைவர் இன்றைக்கும் திங்கட்கிழமை தவறாமல் விட்ட இடத்திலிருந்து பேசுகிறார். எதிர்த் தெரு அக்கா தங்கை இருவர் தங்கள் பேச்சுவார்த்தையற்ற சண்டையைப் பற்றிக் கேட்டபோது பச்சை எரிந்தது. எப்படியும் முடியத்தானே போகிறது, நாம் ஏன் இறங்கிப் போக வேண்டும் என்று இருவரும் இன்னும் காத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் அந்தப் பெட்டியைப் பற்றிக் குறை சொன்னவர் இல்லை.

அதனிடம் எதுவும் கேட்காதவள் பெரியக்கா ஒருத்திதான். மாணவர்களில் மூத்தவள், ஆராய்ச்சி தொடங்கி எட்டு வருடம், அதனால் அந்தப் பெயர். நான்காம் அத்தியாயத்தில் ஒரு துணைத்தேற்றம் பாக்கி. அதை எழுத உட்கார்ந்தால் மேசையைத் துடைப்பாள், பென்சில் சீவுவாள், மேற்கோள் பட்டியலில் காற்புள்ளிகளைச் சரிபார்ப்பாள். இரண்டு வருடம் இப்படி ஓடியது. மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து என்று கடிதமும் வந்துவிட்டது. அவள் வீட்டில் விட்டுவந்த குடையைக் கொடுக்க வந்த மாமியார்தான், வந்தது வந்தோம் என்று, மளிகைக் கணக்குச் சீட்டின் பின்பக்கத்தில் ‘மருமகள் ஆராய்ச்சி’ என்று எழுதி நுழைத்துவிட்டார். சிவப்பு, கண்ணைப் பறிக்கிற சிவப்பு.

“நல்ல மெஷின்மா, மூஞ்சிக்கு நேரா சொல்லிடுச்சு. உங்க ஆளுங்கதான் எட்டு வருஷமா பார்க்கலாம் பார்க்கலாம்னு இழுத்தடிச்சாங்க.”

“உங்களை யாரு அத்தை கேட்கச் சொன்னா?”

“யாராவது கேட்கணும்ல? நீ கேட்க மாட்டியே.”

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துபோயிற்று. இனி அவளுக்கு மேசை எதற்கு என்று நெறியாளர் அதன்மேல் அச்சுப்பொறியைக் கொண்டுவந்து வைத்தார். பல் மருத்துவரான கணவர், “விடேன், அதுக்கு உன்மேல என்ன கோபமா? உள்ளதைச் சொல்லுது” என்று தட்டைக் கழுவிக்கொண்டே ஆறுதல் சொன்னார். எட்டு வருடமாக எப்போது முடியும், எப்போது முடியும் என்று துளைத்தெடுத்த உறவுக்கூட்டம் ஒரே நாளில் வாயை மூடிக்கொண்டது. அந்தக் கேள்வியைத் தாங்கியவளால் அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை. அச்சுப்பொறியைத் தூக்கித் தரையில் வைத்தாள். பென்சில் சீவவில்லை. சீவாத பென்சிலாலேயே துணைத்தேற்றத்தை எழுதினாள். எட்டு வரிதான் இருந்தது. பதினேழாம் நாள் முடிவுரைக்கு வந்துவிட்டாள்.

துறைத்தலைவருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஓடிவந்தார்.

“ஏம்மா, நீ முடிச்சா பெட்டி சொன்னது பொய்யாயிடும். பொய் சொல்லாத பெட்டின்னுதானே அதை வெச்சிருக்கோம்? பொய் சொன்னா அது இருக்கவே முடியாதும்மா.”

“ஆமா சார்.”

“துறைக்குன்னு பேர் சொல்ல இருக்கிறது அது ஒண்ணுதான். இந்தா, ரெண்டு வருஷம் நீட்டிப்பு. உதவித்தொகையோட. ஜன்னலோரம் மேசை போட்டுத் தரேன். நிதானமா, நல்லா யோசிச்சு எழுது.”

அவள் அந்த நீட்டிப்புக் கடிதத்தைப் பார்த்தாள். கையெழுத்தெல்லாம் போட்டே கொண்டுவந்திருந்தார். ஜன்னலோரம் வேறு. உண்மையைச் சொன்னால் அவளுக்குக் கை நீண்டது. நீண்ட கை பாதியில் நின்றது. அதை வாங்கினால் நாளையிலிருந்து என்னென்ன துடைப்பாள் என்று அவளுக்கு வரிசையாகத் தெரிந்தது.

“போன வருஷம் இதையே நான் உங்க கால்ல விழாத குறையா கேட்டேன் சார்.”

“அப்போ பெட்டி இல்லையேம்மா.”

“அதான் சார் நானும் சொல்றேன். அது சொல்லாம இருந்திருந்தா நிச்சயமா முடிச்சிருக்க மாட்டேன். அது சொன்னது சரிதான். என்கிட்ட சொன்னதுதான் தப்பு.”

கடிதத்தை வாங்காமல் முடிவுரையை எழுதி முடித்தவள், இரண்டாம் நாள் ஆய்வேட்டின் ஐந்து பிரதிகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கினாள். லிஃப்ட் ஓடாது என்பது தீர்ந்த விஷயம். அலுவலக எழுத்தர் பக்கங்களை எச்சில் தொட்டுத் தொட்டு எண்ணினார், ஓரத்தில் இடம் போதுமா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தார், மூன்று நாற்பதுக்கு முத்திரையைக் குத்தினார். அதே மூன்று நாற்பதுக்கு மாடியில் பெட்டி இருந்த மேசை காலியாயிற்று. சத்தமில்லை, புகையில்லை. அறையில் இருந்த எட்டு மாணவர்களும், விருந்தாளி சொன்ன மீதி இதுதான் என்று தலையை ஆட்டினார்கள். இந்தத் தடவை விளங்கித்தான் ஆட்டினார்கள். தேநீர்க்காரர் சற்று முன் பெட்டியின்மேல் வைத்திருந்த டம்ளர் மட்டும் அதே உயரத்தில், ஒன்றுமில்லாததன்மேல், சொட்டுச் சிந்தாமல் நின்றது. அவர் வந்தார், ஆறிப்போயிற்றா என்று விரல் வைத்துப் பார்த்தார், எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கீழே பெரியக்காவுக்குச் சூடாக ஒன்று கொண்டுபோனார்.