எழுத்தில் வைத்த சந்தனம்

சேவுகன் ஆசாரி நல்ல தச்சர். கானாடுகாத்தான் வீடுகளில் ஒரு கதவு இறங்கிப்போனால் அவரைத் தேடித்தான் ஆள் வரும். ஆனால் கல்லல் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்பவர்களை மடக்கி வைத்துக்கொண்டு அவர் பேசுவது தன் வேலையைப் பற்றி அல்ல, மகள் சரஸ்வதியின் எழுத்தைப் பற்றி. "எம்மக எழுதுறா. எம்மகன் அதைக் கொண்டுபோயி மெஷின்ல மாட்டுறான். மெஷின் தன்னால நடக்குது, தெரியுமா?" கேட்டவர்களுக்கு ஒன்றும் விளங்காது. "கொடுத்துவச்ச ஆளு ஆசாரி நீங்க" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவார்கள். அவருக்கு அது போதும்.

அப்படி என்னதான் எழுதினாள்? காரைக்குடிக்கு வெளியே ஒரு கம்பெனி, மின்சாரப் பெட்டிகளுக்கு இரும்புத் தகடு செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே வெளிநாட்டு மெஷின் ஒன்று வந்து இறங்கியது. தகட்டில் துளை குத்துகிற மெஷின். எங்கே குத்த வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு காகித நாடாவில் எழுதிக் கொடுத்தால் அதுவே படித்துப் பார்த்துச் செய்யும். எழுத்து என்றால் மையால் எழுதுவது இல்லை, பொடிப்பொடித் துளைகள். மெஷினுக்குள் இருக்கும் விளக்கின் வெளிச்சம் எந்தத் துளை வழியே விழுகிறதோ அதுதான் அதற்கு எழுத்து. டைப்ரைட்டிங் பாஸ் செய்திருந்த சரஸ்வதி எழுத்துக் கட்டைகளைத் தட்டத் தட்ட நாடாவில் வரிசை வரிசையாகத் துளை விழும். அந்த நாடாவை மாட்டி மெஷினை ஓட்டியவன் அவள் தம்பி ஆசைத்தம்பி.

தாய் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள். தம்பிக்கு மூக்குச் சிந்திவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான். அவன் கை அந்த மெஷினுக்குள் போய் வருகிறது என்பதாலேயே நாடா விஷயத்தில் அவள் பிடாரியாக இருந்தாள். முதலில் எழுதியது தாய் நாடா. அது பீரோவை விட்டு வெளியே வரக் கூடாது. மெஷினுக்குப் போவது அதன் நகல். அந்த நகலையும் தினம் காலையில் தாய் நாடாவோடு சேர்த்து ஓட்டி, வரிசைக்கு வரிசை ஒத்துப் பார்த்த பிறகுதான் கையில் கொடுப்பாள்.

"பொண்ணு பாக்கப் போறவுக கூட இம்புட்டுப் பாக்க மாட்டாகக்கா" என்று ஆசைத்தம்பி வாசலில் நின்றபடி கிண்டல் செய்வான். "தப்பா இருந்தாத்தான் சிவப்பு விளக்கு எரிஞ்சு நின்னுருமே."

அவன் சொல்வது பாதி உண்மை. ஒரு வரிசையில் துளைகள் எப்போதும் ஒற்றைப்படையாகத்தான் இருக்கும். ஒரு துளை அடைந்துபோனால் கணக்கு இரட்டைப்படையாகிவிடும். மெஷின் அதைக் கண்டுபிடித்து நின்றுவிடும்.

"ஒரு துளை அடைச்சா நிக்கும். ஒரே வரிசையில ரெண்டு அடைச்சா? மறுபடி ஒத்தைப்படைதானடா. அப்ப உன் விளக்கு என்னத்தக் கிழிக்கும்? தள்ளி நில்லு அங்குட்டு" என்பாள் சரஸ்வதி. அவன் சிரிப்பான். ரெண்டு துளை சேர்ந்து ஏன் அடைக்கப் போகிறது என்று அவனுக்கு நினைப்பு. உள்ளுக்குள் அவளுக்கும் அதே நினைப்புதான்.

ஆயுத பூசைக்குக் கம்பெனியில் வேலை செய்பவர்களின் குடும்பங்களும் வரலாம். சேவுகன் ஆசாரி வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, வீட்டில் அரைத்த சந்தனத்தைப் பித்தளைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் மாதிரி முதல் ஆளாக வந்து நின்றார். சூப்பர்வைசர் பூமிநாதன் கல்லல் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பெரியவர்களிடம் மரியாதை உள்ளவர். "ஆயுதத்துக்கு ஆசாரி கையாலதான் வைக்கணும், நீங்களே வைங்க" என்று சொல்லிவிட்டார். ஆசாரிக்குத் தலைகால் புரியவில்லை. மெஷினுக்கு, ஸ்பேனருக்கு, சுத்தியலுக்கு என்று கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வைத்துக்கொண்டே வந்தார். அவர் வைக்கிற சந்தனம் எப்போதுமே தடிமன்.

சரஸ்வதி சாமி படத்தின் முன்னால் ஒரு தட்டில் நகல் நாடாச் சுருள் இருந்தது. அப்பா அதன் பக்கம் குனிந்ததைப் பார்த்துவிட்டு அவள் ஓடி வந்தாள்.

"அப்பா, அதுல வேணாம், எழுத்து இருக்கு. வெளி முனையில வெறும் தாளா இருக்கு பாருங்க, வேணும்னா அதுல வைங்க."

"சரி தாயி, சரி" என்று முனையில் ஒரு பொட்டு வைத்தார். அதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அவள் பொரிகடலை கொடுக்கப் போனாள்.

சாமி முன்னால் வைத்த எழுத்தை அன்றைக்கு எடுத்துப் படிக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரத்தில் தொட்டு, ஒரு தகடாவது குத்தித் தொடங்க வேண்டும். எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். மறுநாள் பார்த்து ரயில் தாமதம். அக்காவும் தம்பியும் வேர்க்க விறுவிறுக்க உள்ளே நுழையும்போது பூமிநாதன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்ல நேரம் முடியப் போவுதும்மா. நாடாவக் குடு, ஒரு தகடு ஓட்டிருவோம். ஒத்துப் பாக்குறத அப்புறம் பாத்துக்க."

"ஒரு நிமிசம் சார், பீரோவத் தொறந்து..."

"சாமிகிட்ட இருந்த நாடாக்கா, அதுக்கு என்ன வந்துறப் போவுது?" என்று ஆசைத்தம்பியே அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனான். அவளும் விட்டுவிட்டாள். முந்தாநாள் ஒத்துப் பார்த்த நாடாதானே, சாமி முன்னால் சும்மா இருந்ததுதானே என்று விட்டுவிட்டாள். பாழாய்ப்போன நல்ல நேரம்!

பாதித் தகடு முடிந்ததும் நாடாவில் 'நில்' என்று ஒரு வரிசை வரும். மெஷின் நிற்கும். ஆசைத்தம்பி கையை உள்ளே விட்டுத் தகட்டைத் திருப்பிப் போட்டுவிட்டுப் பொத்தானை அமுக்குவான். அன்றைக்கும் நிற்கிற நேரம் என்று பழக்கத்தில் கையை விட்டான். மெஷின் நிற்கவில்லை. சிவப்பு விளக்கும் எரியவில்லை. அவன் கத்தக்கூட இல்லை. "அக்கா" என்றான், சாப்பிடக் கூப்பிடுகிறவன் மாதிரி.

கம்பெனி ஜீப்பில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஏறுவதற்கு முன் சரஸ்வதி நாடாவைப் பிடுங்கி மடியில் சுருட்டிக்கொண்டாள். எங்கே தப்பாக எழுதினோம், எந்த வரிசை, எந்த வரிசை என்று வழியெல்லாம் அதே நினைப்பு. வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள் என்று டாக்டர் வந்து சொன்னபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

விஷயம் தெரிந்து வந்து சேர்ந்த ஆசாரி, ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"என்னப் பெத்த ராசா! உளி பிடிக்கிற குலத்துல பொறந்துட்டு இனி எந்தக் கையால எதப் பிடிப்ப? ஏ சாமி, உனக்கு நான் என்ன கொறை வச்சேன்? வெறுந்தாள்ல வச்சா என்ன பலனிருக்குன்னு எம்மக அங்குட்டுத் திரும்பினப்பறம் சுருளப் பிரிச்சு எழுத்துலயே வச்சேனே! எம்புள்ளைகளக் காப்பாத்துன்னு அழுத்தி வச்சேனே! அப்பவும் கைவிட்டுட்டியே!"

சரஸ்வதி மடியிலிருந்த நாடாவைத் தொட்டுப் பார்த்தாள். மெல்ல எழுந்து வராந்தாவின் கோடிக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு நாடாவை விரித்தாள். இருந்தது. மஞ்சளாக, வட்டமாக, அப்பாவின் கட்டைவிரல் ரேகையோடு. சுற்றியிருந்த துளைகளில் ஒட்டியது மெஷினில் ஓடும்போதே உதிர்ந்திருந்தது. நடுவே 'நில்' என்ற வரிசையில் மட்டும் பக்கத்துப் பக்கத்துத் துளைகள் இரண்டு, சந்தனம் காய்ந்து அடைந்து கிடந்தன.

யோசிக்கவே இல்லை. நகத்தால் சுரண்டினாள். தூள் தூளாக உதிர்ந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், இரண்டு துளைகளும் பளிச்சென்று தெரிந்தன. அப்பாடா என்று மூச்சு விட்ட அடுத்த கணமே அவளுக்கு உறைத்தது. இப்போது நாடாவில் ஒரு தப்பும் இல்லை. நாடா சரி, மெஷினும் சரி என்றால் தப்பு யாருடையது? கவனமில்லாமல் கையை விட்டான் என்று தம்பி தலையில்தான் வந்து விழும். கையும் போய், பேரும் போய்விடும்.

ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை ஒன்று இருந்தது. அதன் அடுப்பில் சுருளைப் போட்டுவிட்டு, எரிந்து முடியும்வரை நின்று பார்த்தாள். எழுதிய நாடாவை வேறொன்று எழுதாமல் அவள் அழித்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் பூமிநாதன் வந்தார். "நாடாவக் கேக்குறாக சரஸ்வதி. நாடா சரியா இருந்தா ஆசைத்தம்பி மேல எழுதிருவாகம்மா" என்றார் தயங்கித் தயங்கி.

"நாடா சரியில்ல சார். நகல் எடுக்கையில ஒரு வரிசை தப்பாக் குத்திட்டேன். காலையில ஒத்துப் பாக்காமக் குடுத்துட்டேன். பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பயந்துபோயி எரிச்சுட்டேன். எம்மேல எழுதிக்கங்க."

பூமிநாதன் அவளைப் பார்த்தார். நாடாவைக் கொடு கொடு என்று அவசரப்படுத்தியது தான்தான் என்று அவருக்குத் தெரியாதா? நல்ல மனிதர்தான். ஆனால் வேலை போய்விடும் என்கிற இடத்தில் நல்ல மனிதருக்கும் வாய் அடைத்துக்கொள்கிறது. தலையைக் குனிந்துகொண்டே போய்விட்டார்.

பின்னால் அப்பா நின்றுகொண்டிருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"நீயா தாயி?" என்றார் ஆசாரி. அவ்வளவுதான். திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தாயி என்று அவர் கூப்பிட்டது அன்றோடு சரி.

ஆசைத்தம்பிக்கு நினைவு நன்றாகத் திரும்பியதும் அக்காவைக் கிட்டே கூப்பிட்டான். "விளக்கும் எரியல. ரெண்டு துளை அடைச்சாத்தானக்கா எரியாது? என்ன அடைச்சிருந்துச்சு?"

அவனிடம் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "சந்தனம்" என்றாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது. தெரிஞ்சா அந்த மனுசன் உசுரோட இருக்க மாட்டாருடா."

"அதுக்கு நீ...?"

"நான் ஒத்துப் பாக்கலதானே? அது பொய்யில்லையே" என்றாள்.

கம்பெனி அவளை நிறுத்திவிட்டது. ஆசைத்தம்பிக்கு வாசலில் வாட்ச்மேன் வேலை போட்டுக் கொடுத்தார்கள். அப்பா கானாடுகாத்தானுக்குப் போவார், வருவார், அவள் வைத்த சோற்றைச் சாப்பிடுவார். தண்ணீர் வேண்டுமென்றால் மகனைப் பார்த்துக் கேட்பார். ஸ்டேஷனில் யாரையும் மடக்கிப் பேசுவதில்லை. 'ஆசாரி, மக எப்படி இருக்கு?' என்று யாராவது கேட்டால் இவர் ரயில் வருகிற திசையைப் பார்ப்பாராம். ஆசைத்தம்பிதான் ஒரு தடவை வந்து சொல்லி அழுதான்.

ஆயுத பூசை மறுபடி வந்தது. வீட்டிலேயே பூசை. சரஸ்வதிதான் சந்தனம் அரைத்து வைத்தாள். ஆசாரி உளிகளுக்கு வைத்தார், ரம்பத்துக்கு வைத்தார், இழைப்புளிக்கு வைத்தார். மகனைக் கூப்பிட்டு, மிச்சமிருந்த இடது கையைப் பிடித்து உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்தார். முன்பெல்லாம் அதற்கடுத்து மகளின் விரல்களுக்கு வைப்பார். டைப் அடிக்கிற பிள்ளைக்கு விரல்தானே ஆயுதம் என்பார். பழக்கத்தில் அவளும் கையை லேசாக நீட்டிவிட்டாள்.

ஆசாரி அந்தக் கையைப் பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இந்த வீட்டு ஆயுதம் எதுவும் எங்களுக்குக் கெடுதல் பண்ணுனதில்ல, அந்தக் கையத் தவிர" என்றார் சுவரைப் பார்த்து.

"அப்பா!" என்று ஆசைத்தம்பி துள்ளி எழுந்தான். "என்ன பேசுறீக நீங்க? அக்கா என்ன செஞ்சுதுன்னு..."

சரஸ்வதி அவனைப் பார்த்தாள்.  அவன் முகத்தை இடது கையால் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டான். உள்ளங்கைச் சந்தனம் நெற்றியெல்லாம் அப்பிக்கொண்டது.

அவள் நீட்டிய கையை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"கையக் கழுவிக்கங்கப்பா" என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார். கட்டைவிரலில் சந்தனம் தடிமனாகக் காய்ந்திருந்தது. அது கரைந்து கையை விட்டுப் போகும்வரை அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.