பிரேக்குக்கு விளக்கு இல்லை

1

இந்தக் கதை ஒரு பாட்டிலில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காலியான ஹார்லிக்ஸ் பாட்டில். அடியில் இரண்டு விரற்கடை பிரேக் ஆயில், அதில் முங்கி நிற்கும் ரப்பர் குழாய், குழாயின் வாயிலிருந்து வரும் குமிழிகள். இன்று காலை அதைக் கையில் பிடித்திருந்த பெண்ணைப் பற்றி மத்தியானம் மூன்று மணிக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். நாலு மணிக்குள் முடித்தாக வேண்டும். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

முதல் ஆரம்பம்: 'தியாகராய நகரில் ஒரு பணக்கார வியாபாரி...' அடித்துவிட்டேன். அய்யாதுரை பணக்காரர் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ரங்கநாதன் தெருவில் பாவாடைத் துணி விற்கிறவர். யாரோ கழித்துக் கட்டிய ஐம்பத்தொன்பதாம் வருஷத்து அம்பாசடரை வாங்கி, பதினாறு வருஷத்துக் கிழட்டு வண்டி என்று பாராமல், ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசலிலேயே பிரித்து மாட்டுகிறவர்.

இரண்டாவது ஆரம்பம்: 'சுந்தரவல்லி ஒரு கொடுமைக்காரி.' இதையும் அடித்தேன். அடுத்த வரிக்கு ஒரு சங்கதியும் கிடைக்கவில்லை.

மூன்றாவது: 'தங்கபுஷ்பத்துக்கு வயது பதினாறு. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள்.' இது இருக்கட்டும்.

2

அவளுக்குச் சத்தமாகப் பேச வராது. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடம் நின்றதற்கு அம்மாவின் முட்டிவலி பாதிக் காரணம், தொண்டை மீதிக் காரணம்.

ஆனால் வண்டிக்குள் உட்கார்ந்தால் அவளுக்கு ஒரு மரியாதை இருந்தது. (மரியாதை என்பது பெரிய வார்த்தை. அதைவிடச் சின்னதாக ஒன்று தேடினேன், அகப்படவில்லை.) பிரேக் ஷூவையும் கசிகிற ரப்பரையும் மாற்றினால் பைப்புக்குள் காற்று புகுந்துவிடும். காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, இன்னொருவர் வண்டிக்கு அடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன திருகைத் திறந்து மூட வேண்டும். திருகில் மாட்டிய குழாய் வழியாகப் பாட்டிலுக்குள் ஆயிலோடு குமிழி வரும். குமிழி நிற்கும்வரை மிதிக்க வேண்டும்.

நாலு வருஷமாக அப்பா அய்யாதுரை அடியில் படுக்க, மிதித்தவள் தங்கபுஷ்பம். கத்த முடியாதவள் ஸ்டியரிங்கைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் மிதித்திருக்கிறேன். இரண்டு தட்டு என்றால் பெடல் கெட்டியாகிவிட்டது, காற்று போய்விட்டது, எழுந்து வரலாம். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. அவள் தட்டினாள், அவருக்குப் புரிந்தது. ஒரு சக்கரத்துக்கு இருபது தடவைகூட மிதிக்கச் சொல்வார். அவள் கால் வலிக்கிறது என்று சொன்னதே இல்லை.

3

இங்கே சுந்தரவல்லியைக் கொண்டுவர வேண்டும். அண்ணன் பொன்ராஜுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஐம்பது நாள் ஆகிறது. பி.யூ.சி. படித்தவள். தங்கபுஷ்பத்துக்கு மைனி.

அவளைப் பற்றி என்னிடம் இருக்கும் குற்றச்சாட்டுகள் இவ்வளவுதான்: உரக்கச் சிரிக்கிறாள். இங்கிலீஷில் இருக்கும் கார் புத்தகத்தை வாசித்து மாமனாருக்குத் தமிழில் சொல்கிறாள். பூ வாங்கினால் பாதியைக் கிள்ளி, கேட்காமலே நாத்தனார் தலையில் வைக்கிறாள்.

(கடைசியைக் குற்றம் என்று எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். ஆனாலும் அடிக்கப்போவதில்லை.)

போன வாரம் ஓடும்போதே டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. சாவி போட்டதும் எரிந்து, என்ஜின் ஓடினால் அணைய வேண்டிய விளக்கு. அணையாவிட்டால் பாட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். அய்யாதுரை டைனமோவைக் கழற்றினார், ஒயரைச் சுரண்டினார், ஒன்றும் பிடிபடவில்லை. வண்டி கிளம்பும்போது பெல்ட் கீச்சென்று கத்துவதைத் தங்கபுஷ்பம் செவ்வாய்க்கிழமையே கேட்டாள். யாருக்கும் காட்டாத தன் நோட்டில்கூட எழுதினாள்: 'பெல்ட் தளர்ந்திருக்கிறது.' எழுதி, நோட்டை அரிசி டிரம்முக்குப் பின்னால் சொருகிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சுந்தரவல்லி பானெட்டுக்குள் எட்டிப்பார்த்தாள். "மாமா, இந்த பெல்ட்டு தொளதொளன்னுல்லா கெடக்கு?"

இறுக்கினார். விளக்கு அணைந்தது. "படிச்ச பிள்ளை படிச்ச பிள்ளைதான்" என்றார் அய்யாதுரை, தெருவுக்கே கேட்கும்படி.

தங்கபுஷ்பம் அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. வயிற்றுவலி என்றாள். அந்த விளக்கு மறுபடி எரிய வேண்டும் என்று

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

4

இன்று காலை. இடது பின்சக்கரத்தைக் கழற்றி, கசிந்த ரப்பரை மாற்றியாகிவிட்டது. தங்கபுஷ்பம் வழக்கம்போல் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"ஏட்டி புஷ்பம், நீ வந்து பாட்டிலைப் பிடி. மைனி மிதிக்கட்டும். அவளும் பழகட்டுமே" என்றார் அய்யாதுரை.

புதுப் பட்டுப்புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு சுந்தரவல்லி ஏறி உட்கார்ந்தாள்.

"மிதிச்சாச்சு மாமா!"

"பிடிச்சுக்கோ தாயி. ம், விடு."

"விட்டாச்சு மாமா!"

அடுத்த வீட்டு டாக்சி டிரைவர் அன்வர் பாஷா* பல் துலக்கிக்கொண்டே வந்தார். "இன்னா நைனா, மருமவ சவுண்டு பாண்டி பஜார் வரிக்கும் கேக்குது!"

"ஹார்ன் ரிப்பேராச்சுன்னா என்னையே முன்னால உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவாவ பாய்!"

அய்யாதுரை வண்டிக்கு அடியிலிருந்து சிரித்தார். நாலு வருஷத்தில் அந்த இடத்திலிருந்து சிரிப்பு வந்ததில்லை.

ஐந்தாறு மிதிக்குப் பிறகு, புது மருமகளை இன்னும் எத்தனை தடவை மிதிக்கச் சொல்வது என்று அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "போதும் தாயி" என்று எழுந்து வந்துவிட்டார். குமிழி வந்துகொண்டிருந்தது. பாட்டிலைப் பிடித்தவளை அவர் ஒன்றும் கேட்கவில்லை.

* ஜாக்கி அவருடையது. கதைக்கு அவர் இனி தேவைப்பட மாட்டார்.

5

நாலாவது பகுதியில் ஒரு பொய் இருக்கிறது. வாசிக்கிற நீங்கள் நம்பிவிட்டீர்கள். நானும் நம்பிவிடலாம் என்று பார்த்தேன்.

அவர் கேட்டார். அவருக்குச் சங்கடம்தான், நிறுத்த ஒரு சாக்கு தேடினார்தான். ஆனாலும் கேட்டார். பாட்டில் பிரேக் டிரம்முக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். அவர் கண்ணுக்குத் தெரியாது.

"ஏட்டி, குமிழி நின்னுட்டா?"

நிற்கவில்லை. கடுகு அளவில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. உள்ளே சுந்தரவல்லி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இவள் காற்றெடுத்த பிரேக் சரியாக இருக்கக் கூடாது என்று ஒரு நினைப்பு வந்தது. பாட்டில்மேல் நகத்தால் தட்டினேன். இரண்டு தட்டு.

(தட்டினேன் என்று எழுதிவிட்டேன். 'அவள்' என்று எழுதினால் கை நடுங்காது என்றுதான் இதுவரை அப்படி எழுதினேன். இனி எப்படியும் ஒன்றுதான்.)

சுந்தரவல்லி மைனி உள்ளேயிருந்து கேட்டாள்: "இன்னொருக்கா மிதிக்கட்டா மாமா? எனக்கு ஒண்ணும் வலிக்கல."

"வேண்டாம் தாயி. புஷ்பம் தட்டிட்டா. அவ தட்டுனா தப்பாது."

அவ தட்டுனா தப்பாது. நாலு வருஷமாக எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அது எந்த நேரத்தில் வந்தது பாருங்கள்.

6

அப்பா வண்டியைத் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்து, நன்றாகப் பிடிக்கிறது என்றார். அவர் பழைய ஆள். எப்போதும் பெடலை இரண்டு தடவை மிதிப்பார். காற்று இருந்தாலும் இரண்டாவது மிதியில் பெடல் மேலே வந்துவிடும்.

மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு நான் போய் உட்கார்ந்து மிதித்தேன். முதல் மிதியில் பெடல் தரையைத் தொடப் போனது. இரண்டாவதில் கெட்டியாக நின்றது.

நாலு மணிக்கு வடபழனி கோயிலுக்குப் போகிறார்கள். ஓட்டப்போவது பொன்ராஜ் அண்ணன். லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. அவன் ஒரு தடவைதான் மிதிப்பான். போகிற வழியில் கோடம்பாக்கம் பாலம். ஏறி இறங்க வேண்டும். இறங்குகிற இடத்தில் பஸ் நிற்கும், மாட்டு வண்டி குறுக்கே திரும்பும், பூக்கூடைக்காரிகள் தெருவைக் கடப்பார்கள்.

7

முடிவுகள்.

அ. நான் மாடியிலிருந்து இறங்கிப் போய்ச் சொல்கிறேன். "ஏன்டி காலையிலே தட்டுனே?" என்று அப்பா கேட்கிறார். என்னிடம் பதில் இருக்கிறது, அதைச் சொல்லும் வாய் இல்லை. மைனி என் முகத்தைப் பார்க்கிறாள். அவளுக்குப் புரிந்துவிடுகிறது. நாளைக்கும் பாதிப் பூவைக் கிள்ளி என் தலையில் வைக்கிறாள். அதை என்னால் தாங்க முடியாது.

ஆ. சொல்லவில்லை. பாலத்தின் இறக்கத்தில்... இதை மூன்று வரி எழுதினேன். மைனியின் கண்ணாடி வளையல்கள் ரோட்டில் கிடந்ததுவரை வந்துவிட்டது. எழுதும்போது கை நடுங்கவே இல்லை. அதனால்தான் அந்தத் தாளைக் கிழித்தேன். இந்த நோட்டில் ஒரு தாள் குறைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இ. சொல்லவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. பாலத்தில் கூட்டமே இல்லை. பிரசாதத்தோடு வந்து, "ஒம் மைனி காத்தெடுத்த பிரேக்குல்லா" என்று அண்ணன் பெருமையடிக்கிறான். உண்மையைச் சொன்னால் மூன்றிலும் எனக்கு அதிகமாகக் கசந்தது இதுதான். நான் எப்படிப்பட்டவள் என்று இதை எழுதிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

8

மூன்று ஐம்பத்தைந்து. கீழே கதவு சாத்துகிற சத்தம். அண்ணன் சாவி போட்டிருப்பான். சிவப்பு விளக்கு எரிந்து, என்ஜின் பிடித்ததும் அணைந்திருக்கும். அதைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். பிரேக்குக்கு அந்த வண்டியில் விளக்கு இல்லை.

"ஏ புஷ்பம்!" மைனியின் குரல்தான். "நீயும் கெளம்பு! பின்னால எடம் கெடக்கு. ஒனக்காவத்தான் நிக்கோம்!"

எல்லா நோட்டையும்போல இதையும் அரிசி டிரம்முக்குப் பின்னால்தான் சொருக வேண்டும். அங்கே இருக்கும்வரை யாரும் வாசிக்கப்போவதில்லை. ஆனால் நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் நோட்டு வெளியே வந்துவிட்டது.

வாயால் சொல்ல முடியாததை, ஐந்தாவது பகுதியை விரித்து, நானே கொண்டுபோய் அப்பா கையில் கொடுத்தேனா? இல்லை, பிறகு ஒருநாள், வீட்டைக் கழுவுகிறபோது யாராவது டிரம்மை நகர்த்தினார்களா? என் கையில் இன்னும் ஐந்து நிமிஷம் இருப்பதால் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். நோட்டு உங்கள் கையில்தானே இருக்கிறது, திருப்பிப் பாருங்கள். அட்டையில் அரிசித் தவிடு ஒட்டியிருக்கிறதா, அப்பாவின் கிரீஸ் கறை படிந்த கட்டைவிரல் அடையாளம் இருக்கிறதா?

மறுபடியும் கூப்பிடுகிறாள்.