பச்சைப் புள்ளியும் காணோம்

இருட்டறையில் உட்கார்ந்து புள்ளி எண்ணுவதுதான் என் பிழைப்பு. புராஸ்டேட் புற்றுநோய்த் திசுவை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்லுக்கு ரெண்டு சிவப்பு, ரெண்டு பச்சைப் புள்ளி மின்ன வேண்டும். சிவப்பு மட்டும் குறைந்தால் குரோமோசோமில் ஒரு துண்டு போய்விட்டது, நோய் முரடு. பச்சையும் சேர்ந்து குறைந்தால் அது கத்தியின் வேலை, அளவுக்கு மீறி மெல்லிசாகச் சீவியதால் வந்தது. செல்லையே பாதியாக அறுத்துத் தள்ளியிருக்கிறது.

எங்கள் தலைமை டாக்டருக்கு நான் எண்ணுவதே பிடிக்காது. "எத்தனை நாளைக்கும்மா ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிட்டிருப்பே?" என்பார். ஒருநாள் தானே எண்ணுகிற மெஷின் வந்து இறங்கியது. ரிப்பன், கேமரா, கைதட்டல். கேமராவுக்காகத் திசுவையும் தாமே வெட்டினார். பதினைந்து வருடமாகக் கத்தியைத் தொடாத கை! வெட்டும் கருவியில் நாலு மைக்ரான் கனத்தில் நிற்க வேண்டிய முள்ளை ரெண்டுக்குத் திருப்பிக்கொண்டு, "என்ன மெல்லிசா வருது பாருங்க!" என்று பூரித்துப்போனார். மூன்று பேருடைய திசு அது.

"சார், நாலுல வெச்சு..."

"போட்டோல மறைக்குது, தள்ளும்மா."

மூன்றிலும் சிவப்பு குறைவு என்று மெஷின் துப்பியது. பச்சையை எண்ணும்படி அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முதல் ரெண்டு ரிப்போர்ட்டில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டு அனுப்பினார். நான் வாயைத் திறந்தேன். "மெஷினுக்கு உன்னை மாதிரி கண்ணு வலிக்காது" என்று அடைத்துவிட்டார்.

திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியில் நம்பர்தான் இருக்கும், பெயர் ரிப்போர்ட்டில்தான் வரும். மூன்றாவது பெயரைப் பார்த்ததும் மனிதர் வெலவெலத்துப் போனார். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் டெஸ்ட் கொடுத்திருந்த சொந்த அண்ணன்.

நேரே என் அறைக்கு வந்தார்.

"அம்மா, இதை மட்டும் நீ ஒருதடவை எண்ணிப் பாரேன்."

எண்ணினேன். பச்சையிலும் பாதியைக் காணோம்.

"துண்டு போச்சா இல்லையான்னு இதை வெச்சுச் சொல்லவே முடியாது சார். நீங்க வெட்டின லட்சணம் அப்படி. திரும்ப வெட்டணும், ரிசல்ட் வர நாளைக்கு ஆயிடும். அது சரி, மத்த ரெண்டு பேரு?"

"அந்த ரிப்போர்ட்டுதான் போயிடுச்சேம்மா."

"அதுல ஒருத்தருக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன். உங்க ரிப்போர்ட்டை நம்பி. போனைப் போடுங்க. அதுவரைக்கும் உங்க அண்ணனோடதை நான் தொடமாட்டேன்."

அவர் என்னை முறைத்தார், பிறகு போனை எடுத்தார்.

"டாக்டர், நாளைக்கு அந்த ஆபரேஷன் வேண்டாம். ரெண்டு ரிப்போர்ட்டுமே தப்பு. எங்க டெக்னீஷியன் ரொம்ப மெல்லிசா வெட்டிட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சரி, நிறுத்திடறோம்" என்று மறுமுனையில் குரல் கேட்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

முள்ளை நாலுக்குத் திருப்பினேன். ஆபரேஷன்காரருடைய மெழுகுக் கட்டியை முதலில் மாட்டினேன். அண்ணனுடையதைக் கடைசியில் வைத்தேன். அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"அண்ணனோடது எப்பம்மா?"

"வெளிச்சம் மறைக்குது சார், தள்ளுங்க."