குழாயைத் தட்டுகிறவன்

செய்திக்கு முன்னால் வரும் இசை தொலைக்காட்சியில் தொடங்கியதுமே எதிர் பால்கனிக்கு யாகோதா வந்துவிட்டாள். கையில் பிளம் ஜாம் கிண்டும் பெரிய செப்புப் பானையும் ஒரு இரும்புக் கரண்டியும். போதாக்குறைக்கு உதட்டுச் சாயம் வேறு. நான் ஜன்னலைச் சாத்தினேன்.

நகராட்சித் தேர்தலில் நாங்கள் போட்ட ஓட்டு செல்லாது என்று அரசாங்கம் அறிவித்த நாளிலிருந்து நீஷ் நகரத்தில் இதுதான் நடக்கிறது. செய்தி வாசிப்பவர் வாயைத் திறந்தால் அந்தப் பொய் காதில் விழாதபடி ஊரே பாத்திரத்தைத் தட்டும். தெரு கொள்ளாத கூட்டத்தை, வேலைவெட்டி இல்லாத சிலர் என்கிறார் ஓர் அமைச்சர். பாலுக்கு விடியலிலேயே போய் நின்று வெறுங்கையோடு திரும்பிய அன்று, தட்டுப்பாடே கிடையாது என்றார் இன்னொருவர். எனக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனால் என் பாத்திரங்கள் மட்டும் அலமாரியை விட்டு வரவில்லை.

காரணம், கீழ்த்தளத்து தோதோர். என் கணவன் மிலுதின் வேலை பார்க்கும் பஸ் பணிமனையின் மேலாளர். செய்தி நேரம் பார்த்து நாயை முற்றத்துக்குக் கூட்டிவருவார். நாய் தரையை மோந்துகொண்டிருக்கும், அவர் பால்கனிகளை மோந்துகொண்டிருப்பார். மூன்றாம் மாடி மெக்கானிக்குக்கு அப்படித்தான் வேலை போனது.

"ஜன்னலைச் சாத்து ஸ்தானா. டி.வி.யை நல்லா சத்தமா வை, அந்தாளு காதுல விழட்டும். எனக்கு வேலை போச்சுன்னா ரொட்டிக்கு எங்க போறது?" என்பான் மிலுதின். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விடுவான். இந்தச் செய்தியைக் கேட்டால் யாருக்குத்தான் வயிறு கலங்காது என்று நானும் விட்டுவிடுவேன்.

யாகோதா தையற்காரி, விவாகரத்தானவள். அவளை வேலையை விட்டுத் தூக்க யாராலும் முடியாது. அவள் கோபப்படலாம், நான் கூடாது. ரொட்டி வரிசையில் எல்லோரும் அவள் பானை தட்டும் கையைப் புகழும்போது எனக்கு நெஞ்சு வெந்தது.

"என்னடி ஸ்தானா, உன் வீட்டுல பாத்திரமே இல்லையா? வேணும்னா ஒரு மூடி தர்றேன், வச்சுக்கோ" என்றாள் ஒருநாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அப்புறம்தான் குழாய் பேச ஆரம்பித்தது. வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கு வெந்நீர் கொண்டுபோகும் குழாய், முற்றத்தைச் சுற்றி நிற்கும் எங்கள் கட்டடத்தின் எல்லா மாடிகளையும் துளைத்துக்கொண்டு போகிறது. யாரோ அதைத் தட்டினார்கள். எந்த வீடு என்று சொல்ல முடியாது, சுவரெல்லாம் சத்தம். யாகோதா இரண்டு அடி அடித்து நிறுத்துவாள், குழாய் இரண்டு அடி பதில் சொல்லும். தோதோர் மாடி மாடியாக ஏறிக் கதவுகளில் காதை வைத்துப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க இறங்கினார்.

"எந்த மகராசனோ தெரியல. ஆம்பளைன்னா அவன்தான்! யாருன்னு தெரிஞ்சா இன்னைக்கே கட்டிக்குவேன்" என்று வரிசையில் சொன்னாள் யாகோதா. அவன் பெண்டாட்டி எவ்வளவு கொடுத்துவைத்தவள் என்று நான் நினைத்தேன். முகம் தெரியாத அவள்மேலும் பொறாமைப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இறைச்சி தட்டும் சுத்தியலைக் காணவில்லை. அது குளியலறையில், குழாய்க்குப் பின்னால், மிலுதினின் பழைய காலுறைக்குள் இருந்தது. பக்கத்தில் குழாயின் வெள்ளைப் பெயின்ட் உள்ளங்கை அளவுக்கு உதிர்ந்து கிடந்தது.

பெருமையாக இருந்திருக்க வேண்டும். இல்லை. என்னை ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு, தாழ்ப்பாளுக்குப் பின்னால் தினமும் அவளோடு பேசியிருக்கிறான். அவளைத் தொட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. எங்கள் இருவருக்கும் சேர வேண்டிய கோபம் அது. அதைத் தனியாகத் தின்றிருக்கிறான்.

அன்று சாயங்காலம் அவனுக்கு முன்னால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

"ஸ்தானா, கதவைத் திற. எனக்கு அவசரம்."

"என்ன அவசரம்னு எனக்குத் தெரியும். சுத்தியல் எங்கிட்ட இருக்கு."

இசை தொடங்கியது. யாகோதா இரண்டு அடி அடித்து நிறுத்தினாள். காத்திருந்தாள், அவனுக்காக.

நான் ஓங்கி ஒன்று அடித்தேன். இரண்டு இல்லை, ஒன்றே ஒன்று. தோள்வரை அதிர்ந்தது. பால்கனியில் சத்தமே இல்லை. இது வேறு கை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மெதுவா அடி. கீழ அந்தாளு இருக்கான்" என்றான் கதவருகே மிலுதின்.

மறுபடி அடித்தேன். பிறகு நிறுத்தாமல் அடித்தேன். எதிர்ப்புறம் செப்புப் பானை தயங்கித் தயங்கி என்னோடு சேர்ந்துகொள்ளப் பார்த்தது. மிலுதின் நடந்து போவது கேட்டது. தொலைக்காட்சியை அவனே அணைத்தான். செய்தி வாசிப்பவர் இல்லாத அந்த வீட்டில் இப்போது என் சத்தம் மட்டும்தான். கீழே ஒரு கதவு திறந்தது. படியில் நாயின் நகங்கள் ஏறி வந்தன. என் செருப்பின்மேல் வெள்ளைப் பெயின்ட் உதிர்ந்துகொண்டே இருந்தது.